மெதுவாகக் கட்டு, பொன்மணி

விருதுநகர் விடுதி
15.6.2025

அன்புள்ள அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் பொன்மணி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுத வேண்டும். "எல்லாம் நல்லா இருக்கு" என்று மொத்தமாக எழுதித் தப்பிக்கக் கூடாது.

இந்த விடுதியில் போன் கிடையாது. வார்டன் அம்மா தன் போனைக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும்தான் தருவார். அதனால்தான் கடிதம். இன்லண்ட் கவர்களை வாங்கிக் கொடுத்தது ஸ்ரீமதி டீச்சர். கணக்கு எடுப்பவர். இந்த வருடம் எங்கள் பள்ளியில் சாரணியர் படை ஆரம்பிக்கச் சொல்லி அவர் தலையில் கட்டிவிட்டார்கள். "எனக்கும் ஒண்ணும் தெரியாது. புத்தகத்தப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்தே கத்துக்குவோம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஆறு பேருக்கு ஒரு கையேடு. நீல அட்டை. நாங்கள் மயில் அணி. அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் புத்தகம் வரும், எனக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று விரலை நிமிர்த்தி வணக்கம் வைக்க வேண்டும். கை குலுக்குவது இடது கையால். எங்கள் அணி ராக்காயி அதைப் படித்துவிட்டு, "ஐயய்யே, இடது கையாலயா?" என்று எழுந்தே போய்விட்டாள்.

தினமும் ஒரு நற்செயல் செய்து டைரியில் எழுத வேண்டும். இருபத்து நாலு பேரும் முதல் நாள் வாட்ச்மேன் தாத்தாவின் மனைவியிடம் போய் வரிசையாக நின்றோம், குடம் தூக்கித் தருகிறோம் என்று. அவர் வீட்டில் இருந்ததே இரண்டு குடம். "ஒழுங்கா ஓடிப் போயிருங்க" என்று விரட்டிவிட்டார். நான் திரும்பி வரும்போது அவர் வீட்டுக் கோழியைக் கூண்டில் அடைத்தேன். அதை எழுதிக்கொண்டேன். அது பகல் பன்னிரண்டு மணி என்பதை எழுதவில்லை.

அக்டோபரில் உறுதிமொழி விழா. அதற்குள் கையேட்டின் முதல் பகுதி முழுக்கத் தேற வேண்டும். தேறினால் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி, சட்டையில் சின்னம் குத்துவார்கள். நீங்கள் மூவரும் வர வேண்டும். தம்பி முனியராஜிடம் என் பென்சில் டப்பாவைத் தொடக் கூடாது என்று சொல்லவும்.

இடது கையால் வணக்கத்துடன்,
பொன்மணி


அச்சங்குளம்
22.6.2025

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா சின்னச்சாமி எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து நீட்டியபோது கோர்ட்டு நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். நம் வீட்டுக்கு வேறு யார் எழுதுகிறார்கள்?

நீ கேட்டபடி தனித்தனியாக: முதுகு இருக்கிறது. வலியும் இருக்கிறது. இரண்டும் பிரியாமல் இருக்கின்றன. அம்மாவின் இருமல், என்னை அதட்ட இடைஞ்சல் இல்லாத அளவுக்குத் தேவலை.

உன் இடது கைக் கும்பிடைச் சோதித்துப் பார்த்தேன். நமக்கு வீட்டு வேலை கொண்டுவந்து போடுகிற கண்ணுச்சாமி வந்தான். இடது கையை நீட்டினேன். "ஏலே, வலது கைக்கு என்னலே ஆச்சு? வண்டிக் கதவுல நசுக்கிட்டியா?" என்று பதறிப் போனான். இது நம் ஊருக்குச் சரிப்படாது, உன் புத்தகத்தில் அடித்துவிடு.

நற்செயலும் செய்தேன். சிவகாசியில் அட்டைப்பெட்டி லோடை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் வரும்போது, ரோட்டோரம் ஒரு பெரியவர் நின்றார். பாவம் என்று கையைப் பிடித்து ஏற்றிச் சாத்தூர் வரை கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போதுதான் சொல்கிறார், "நான் சும்மா நெழலுக்கு நின்னேன் தம்பி." திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இதை ஒன்றாக எழுதுவதா இரண்டாக எழுதுவதா என்று டீச்சரிடம் கேட்டுச் சொல்.

முனியராஜ் நாலாவது போய்விட்டான். பென்சில் டப்பா பத்திரம் என்கிறான். டப்பா பத்திரமாகத்தான் இருக்கிறது, பென்சில்களைத்தான் காணோம்.

உன் விழாவுக்கு வராமல் இருப்போமா? வேளைக்குச் சாப்பிடு. சோற்றில் குறை இருந்தால் எழுது, அம்மா கருப்பட்டி மிட்டாய் கொடுத்துவிடுவாள்.

அப்பா


விருதுநகர் விடுதி
5.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். மிட்டாய் வேண்டும், சோறு நன்றாக இருந்தாலும் வேண்டும். பெரியவரை ஒன்றாகத்தான் எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னார். சொல்வதற்கு முன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஒரு பெரிய செய்தி. இந்த வாரம் கையேட்டில் முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நாலு படம், அம்புக்குறியோடு. டீச்சர் புத்தகத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டார், கயிறு அவர் விரலைத்தான் கட்டியது. நான் படத்தைப் பார்த்தேன். இரண்டு கயிற்றை இணைக்கும் முடிச்சு, கம்பத்தில் கட்டும் முடிச்சு, சுருக்கு விழாத முடிச்சு என்று மொத்தம் இருந்த ஐந்தையும் போட்டுவிட்டேன். கண்ணைக் கட்டிப் போடச் சொன்னார். போட்டேன். ஐந்து முடிச்சையும் போட மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம், எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். ராக்காயி, "இவளுக்கு விரல்ல கண்ணு இருக்கு டீச்சர்" என்றாள்.

அப்பா, எனக்குத் தெரியும் எப்படி என்று. வீட்டில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் நானும் சரவெடி பின்னுவோமே. ஒவ்வொரு வெடியின் திரியையும் நூலில் இழுத்து, இடம் ஒன்று வலம் ஒன்று. எட்டு வயதிலிருந்து பின்னுகிறேன். அதே விரல்தானே.

மாவட்ட அளவில் முடிச்சுப் போட்டி இருக்கிறதாம், என் பெயரைக் கொடுக்கப் போகிறார்கள். பெரிய டீச்சரைக் கூப்பிட்டு அவர் முன்னாலும் கட்டிக் காட்டச் சொன்னார்கள். "எங்க கத்துக்கிட்டம்மா?" என்று ஸ்ரீமதி டீச்சர் கேட்டார். நாம் கதவைச் சாத்துவது எதற்கென்று எனக்குத் தெரியும். அதனால் சிரித்து வைத்தேன். திரும்பக் கேட்டால் என்ன சொல்வது? சீக்கிரம் எழுதவும்.

தம்பி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறானா?

பொன்மணி


அச்சங்குளம்
8.7.2025

பொன்மணிக்கு, இங்கே எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்த கையோடு, வாசலில் நிற்கும் வண்டியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

டீச்சர் திரும்பக் கேட்டால், வீட்டில் பூக் கட்டிப் பழக்கம் என்று சொல். மல்லிகைப் பூ. நம் பக்கத்தில் பூக் கட்டாத வீடு உண்டா? யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. கொஞ்சம் மெதுவாகக் கட்டு. மூன்றாவதாக, நாலாவதாக வா. நீ எதிலும் முதலில் வர வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான், இப்போது இதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், மாவட்டம் என்றால் அதிகாரிகள் வருவார்கள், பேப்பரில் போடுவார்கள், ஊர் பேர் கேட்பார்கள். அதே சரத்தை உரிமம் உள்ள கம்பெனியில் உட்கார்ந்து பின்னினால் வேலை. வீட்டில் பின்னினால் வழக்கு. உனக்குத் தெரியாதது இல்லை.

உன் மேல் கோபம் இல்லை தாயி. கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார் என்று படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் போனது. அந்த இடத்தை மட்டும் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

மிட்டாய் வருகிறது. ஆடு குட்டி போட்டிருக்கிறது, இரண்டு.

அப்பா


விருதுநகர் விடுதி
17.8.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம், எழுத நல்லதாக ஒன்றும் இல்லை. மெதுவாகக் கட்டுவது கஷ்டம் அப்பா. விரல் தானாக ஓடுகிறது, பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. உடம்பு சரியில்லையா என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். போட்டிக்குப் பெயர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். எங்கே பழகினாய் என்று திரும்பக் கேட்டபோது, நீங்கள் சொன்னபடி பூ என்றேன்.

அது வினையாகப் போய்விட்டது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குச் சிறப்பு விருந்தினருக்கு மாலை வேண்டுமென்று ஒரு கூடை நிறைய செவ்வந்தியும் மல்லிகையும் வந்து இறங்கியது. "நம்ம பொன்மணிதான் பூக் கட்டுற வீட்டுப் புள்ளையாச்சே" என்று டீச்சர் கூடையை என் முன்னால் வைத்துவிட்டார்.

எனக்குப் பூக் கட்டத் தெரியாது அப்பா. நம் வீட்டில் என்றைக்குப் பூக் கட்டினோம்? அம்மா வெள்ளிக்கிழமை முழம் போட்டு வாங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். வேறு வழியில்லாமல், பூவை வெடி என்றும் காம்பைத் திரி என்றும் நினைத்துக்கொண்டு பின்னினேன். மளமளவென்று வந்தது. மாலை கம்பு மாதிரி விறைத்து நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் மட்டும் மாலையின் நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு நூலை முறுக்கித் தனியாக விட்டிருந்தேன். பற்றவைப்பதற்கு விடுவோமே, அது. கை பழக்கத்தில் விட்டுவிட்டேன்.

டீச்சருக்குச் சொந்த ஊர் சிவகாசி. அவர் அப்பாவுக்குப் பட்டாசுக் கடை. சின்னப் பிள்ளையில் கடையில் உட்கார்ந்து சரம் அடுக்கியவராம். விழா முடிந்ததும் குழாயடிக்குக் கூட்டிப்போனார். மெதுவாகத்தான் கேட்டார். "உங்க வீட்டுல கதவச் சாத்திக்கிட்டுத்தான் பூக் கட்டுவீகளா?"

நான் அழுதுவிட்டேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். "நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன். எங்க கடையில வித்ததெல்லாம் யாரு வீட்டுல பின்னுனதுன்னு எங்கப்பாவும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. இப்ப உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீ இங்கன வந்துட்ட. அங்கன உன் எடத்துல இப்ப யாரு உக்காந்திருக்கா?" என்றார்.

யார் அப்பா உட்கார்ந்திருப்பது?

பொன்மணி


அச்சங்குளம்
4.9.2025

அன்பு மகளுக்கு, நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆசை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சீசன் நேரம், அட்டைப்பெட்டி லோடு நிற்க நேரமில்லாமல் ஓடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று நடை.

ஆட்டுக்குட்டிகள் நன்றாக வளர்கின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. செவலை உன்னை மாதிரி, எதைப் பார்த்தாலும் என்ன ஏதென்று மோந்து பார்க்காமல் விடாது. இங்கே ஒரு மழை பெய்தது. மேற்குச் சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்தது, நானே சாந்து குழைத்துப் பூசிவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள். வண்டிக்கு டயர் மாற்றினேன்.

டீச்சர் நல்ல மனசுக்காரர். அவரிடம் மரியாதையாக இரு.

காலாண்டு லீவுக்கு இந்த முறை இங்கே வர வேண்டாம். உங்கள் சாரணியர் படைக்கு லீவில் கேம்ப் போடுவார்களாமே, அதில் இருந்துகொள். தீபாவளிக்கு வந்தால் போதும். தம்பி உனக்கு ஏதோ எழுத வேண்டும் என்று பக்கத்தில் நின்று நச்சரிக்கிறான். கீழே இடம் விட்டிருக்கிறேன். வெளியே ஹாரன் அடிக்கிறார்கள், நான் கிளம்புகிறேன். அவனையே ஒட்டித் தபால்பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா

அக்கா நான் முனியராஜ். நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கேன். அக்கா நான் இப்ப உன்ன விட வேகம். கண்ணுச்சாமி மாமாவே சொன்னாரு. நேத்தும் ஸ்கூலுக்கு லீவு முந்தாநாளும் லீவு ஜாலி. உன் பாயிலதான் உக்காருதேன். பென்சில் எடுக்கல.


விருதுநகர் விடுதி
9.9.2025

அப்பாவுக்கு,

தம்பி எழுதியதை நீங்கள் படிக்காமல் அனுப்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் படித்துவிட்டேன். டீச்சரிடம் காட்டவில்லை. என் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அவனுக்கு ஒன்பது வயது அப்பா. எனக்கு எட்டு வயதில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. கண்ணுச்சாமி மாமா "வெரசாப் பின்னுத புள்ள" என்று சொன்னால் எனக்கும் சந்தோஷம் தாங்காது, சாப்பிடக்கூட எழ மாட்டேன். நகக்கண்ணில் சாம்பல் நிறம் ஏறிவிடும், பள்ளியில் கையை மடக்கி வைத்துக்கொள்வேன். அம்மாவின் இருமல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் விடுதிக்கு வந்தபோது, ஒரு ஆள் குறைந்தால் மாமா லோடைக் குறைத்துப் போடுவார் என்று நினைத்தேன். முட்டாள்தனமாக நினைத்தேன்.

கையேட்டில் சாரணியருக்கு விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் விதி, சாரணியர் நம்பிக்கைக்குரியவர். விழா அன்று அதைக் கொடிக்கு முன்னால் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் பூ என்று பொய் சொன்னேன். அதைக்கூட டீச்சர் மன்னித்துவிட்டார். ஆனால் தம்பி என் பாயில் உட்கார்ந்திருக்கும்போது நான் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நின்று அதை எப்படிச் சொல்வேன்? உறுதிமொழி எடுக்கப் போவதில்லை என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. இரண்டும் பிரியாமல் இருக்கின்றன.

பொன்மணி


விருதுநகர் விடுதி
27.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சுகமா? பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாட்ச்மேன் தாத்தா வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அந்தப் பாட்டி இப்போது என்னை விரட்டுவதில்லை.

போன கடிதத்தில் அதிகமாகப் பேசியிருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். திட்டாவது வரட்டும்.

தினமும் காலையில் நூலகத்துக்குப் போய்ப் பேப்பரைப் பார்க்கிறேன். முதலில் மாவட்டச் செய்தி. வெடி விபத்து நடந்த ஊர்ப் பெயரைப் பார்ப்பேன். நம் ஊர் இல்லையென்றால் பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். வேறு ஊரின் பெயர் இருந்தால்கூட, நம் ஊர் இல்லை என்று சந்தோஷப்பட்டுவிடுகிறேன். அப்புறம் அதற்கும் அழுகை வருகிறது. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டால்கூடச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள் அப்பா.

பொன்மணி


அச்சங்குளம்
1.10.2025

மகள் பொன்மணிக்கு அம்மா மாரித்தாய் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஏழாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் சிரிக்காதே.

எல்லாரும் உயிரோடு, நல்லபடியாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் அப்பா நாலு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டார். நீ கேட்டதுக்கு அவரால் பதில் எழுத முடியாது. நான்தான் எழுத வேண்டும், பாய் விரித்தது நான்தான்.

நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி ஆறு மாசம் பூட்டிக் கிடந்தபோது கண்ணுச்சாமி அண்ணன் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார். நாலு நாளைக்கு என்றுதான் வாங்கினேன். கம்பெனி திறந்த பிறகும் விடவில்லை. வீட்டில் இருந்தபடியே வேலை, உங்களையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உங்களைப் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

நீ போன மறுநாள் உன் பாய் சும்மா கிடந்தது. முனியராஜ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான், பையைப் போட்டான், வந்து உட்கார்ந்தான். அவனை உட்கார் என்று நான் சொல்லவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்தது. இந்த நாலு மாசமாக அவன் வந்து உட்காரும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சீசன் முடிய இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. எடுத்த லோடை முடித்துக் கொடுத்துவிட்டு, தீபாவளியோடு விட்டுவிடுகிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். உன் டீச்சரிடம் உறுதிமொழி எடுக்கிறேன் என்று சொல்லு. நீ அந்தச் சட்டை போட்டு நிற்கிறதைப் பார்க்க வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வை.

அம்மா


விருதுநகர் விடுதி
4.10.2025

அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தை முதல் முறையாகப் பார்த்தேன். அப்பாவுடையதைவிட அழகாக இருக்கிறது. தப்பு ஒன்றும் இல்லை. பெட்டியில் வைக்காமல் என் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு மறைக்காமல் எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் அம்மா, நீங்கள் சொல்லும் அந்த மூன்று வாரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். பேப்பரில் வருகிற எல்லா ஊரிலும் இன்னும் மூன்று வாரம்தான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

விழா 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் எடுக்காவிட்டாலும், அணித் தோழிகளுக்குக் கொடிக்கயிறு கட்டித் தர நிற்பேன்.

உங்கள் அன்பு மகள்
பொன்மணி


அச்சங்குளம்
8.10.2025

அன்பு மகள் பொன்மணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம், தனித்தனியாகவும் சுகம்.

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு உள்ளே போனாள். பின்னியதையும் பின்னாததையும் சாக்கில் போட்டுக் கட்டினாள். "கண்ணுச்சாமி அண்ணனுக்குப் போன் போடுங்க, வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் எழுந்து கையைக்கூடக் கழுவாமல் போன் போட்டேன். நானே என்றோ செய்திருக்க வேண்டியது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவன் வந்து குதித்தான். "சீசன் நேரத்துல லோடத் திருப்புதீகளே, நல்லா இருப்பீகளா?" அம்மா சாக்கை வாசலில் தள்ளினாள். "நல்லா இருக்கத்தான் அண்ணே திருப்புதோம்" என்றாள். இனிமேல் நம் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். எல்லா வீட்டிலும் போய் நம்மைப் பற்றி என்ன சொல்லப் போகிறானோ. சொல்லட்டும்.

அம்மா அந்த அறையை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தாள். தீபாவளி கழித்துக் கம்பெனிக்கே திரும்பப் போகிறாளாம். மேஸ்திரி சுப்புலட்சுமியிடம் சொல்லி வைத்தாயிற்று, காலை வேன் ஏறினால் சாயங்காலம் வந்துவிடுவாள். கொஞ்ச நாளைக்கு இழுத்துப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். அதை நீ நினைக்காதே, அது என் வேலை. நீ டீச்சரிடம் போய், உறுதிமொழி எடுக்கிறேன் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். முன்வரிசையில் உட்காருவோம். நீ அந்த விதியைச் சொல்லும்போது சத்தமாகச் சொல்ல வேண்டும், வண்டி ஓட்டி ஓட்டி எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இன்னொன்று எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை. கண்ணுச்சாமி போன பிறகு முனியராஜ் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். பையைப் போட்டான். நேராக உள்ளே போனான், பாயைக் காணோம், சாக்கைக் காணோம். வெறும் தரையில் நின்று முழித்தான். "இன்னைக்கு லோடு வரலையாப்பா?" என்றான். "இனிமே வராதுலே. போய் விளையாடு" என்றேன்.

அவன் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தான். "எம்புட்டு நேரம்ப்பா?" என்று கேட்டான்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருட்டுற வரைக்கும்" என்றேன். அவன் வாசலுக்குப் போய், வெயில் இன்னும் எம்புட்டு மிச்சம் இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான்.

அன்புடன்,
அப்பா